சுயாதீனத் திரைப்படத் தயாரிப்பும் நிதிச் சவால்களும்

முன்னுரை

பெரிய தயாரிப்பு நிறுவனத்தின் முதலீடோ முன்னணி நடிகரின் சந்தை மதிப்போ இல்லாமல், ஓர் இயக்குநரோ சிறு குழுவோ தம் சொந்தப் பொறுப்பில் பணம் திரட்டித் தயாரிக்கும் படம் சுயாதீனத் திரைப்படம் எனப்படும். 'கலைப்படம்', 'மாற்றுத் திரைப்படம்' ஆகிய சொற்கள் ஒரு படத்தின் தன்மையைக் குறிக்கின்றன. 'சுயாதீனத் திரைப்படம்' என்ற சொல் பணம் எங்கிருந்து வந்தது, படத்தைப் பற்றிய முடிவுகளை யார் எடுத்தார்கள் என்பதைக் குறிக்கிறது. ஒரு நகைச்சுவைப் படமோ திகில் படமோ கூடச் சுயாதீனப் படமாக இருக்கலாம்.

இன்று நல்ல செல்பேசி ஒன்று இருந்தால் குறும்படம் எடுத்துவிடலாம். பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி போன்ற ஊர்களிலும் அப்படி முயலும் இளைஞர்கள் உண்டு. அடுத்த படியாக முழுநீளப் படம் என்று வரும்போது, 'கேமராவுக்கும் படப்பிடிப்புக்கும் பணம் கிடைத்தால் போதும்' என்றே பலரும் எண்ணுகின்றனர். தமிழ்ச் சுயாதீனப் படங்களின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. படம் எடுப்பதற்கான பணத்தைவிட, எடுத்த படத்தை மக்களிடம் கொண்டு சேர்ப்பதற்கான பணமும், அதுவரை காத்திருக்கும் காலத்துக்கான பணமுமே பெரிய சவாலாக இருந்திருக்கின்றன. இக்கட்டுரை அதை விளக்குகிறது.

வங்கிக் கடன் ஏன் எளிதில் கிடைப்பதில்லை?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ காக்களூர் தொழிற்பேட்டையிலோ ஒருவர் சிறு பட்டறை தொடங்க வங்கிக் கடன் கேட்கிறார் என்று கொள்வோம். கடன் பணத்தில் வாங்கும் லேத் இயந்திரமே வங்கிக்கு ஈடாகிறது. தொழில் நொடித்தாலும் இயந்திரத்தை விற்று ஒரு பகுதியை மீட்கலாம். பட்டறையில் முதல் பத்து உருப்படிகள் செய்து விற்றவுடன் வருமானம் தொடங்கிவிடும். அந்தப் பொருளுக்குச் சந்தையில் என்ன விலை என்பதும் முன்கூட்டியே தெரியும்.

திரைப்படத்தில் இந்த மூன்றும் இல்லை. நடிகர் சம்பளம், சாப்பாட்டுச் செலவு, கருவி வாடகை, பேட்டா என்று செலவான பணம் திரும்ப விற்கக்கூடிய பொருளாக மாறுவதில்லை. கடைசி ரூபாய் வரை செலவழித்து முடித்த பிறகே முதல் ரூபாய் வரும். பாதி முடிந்த படத்துக்கு அநேகமாக மதிப்பே கிடையாது. முடிந்த படத்தின் மதிப்பும் வெளியாகும் வெள்ளிக்கிழமை வரை யாருக்கும் தெரியாது.

1998-ஆம் ஆண்டு மத்திய அரசு திரைப்படத் துறைக்குத் தொழில் அந்தஸ்து அறிவித்தது. அதன்பின் நிறுவனக் கடன் பெற வழி திறந்தது. ஆனால் சொத்து ஈடும் பழைய கணக்குகளும் காட்ட முடிந்த நிறுவனங்களுக்கே அந்த வழி பயன்பட்டது. முதல் படம் எடுக்கும் ஒருவரிடம் காட்டுவதற்கு ஒரு கதைப்பிரதிதான் இருக்கும். எனவே அவர் குடும்பச் சேமிப்பு, நகை, நண்பர்களின் உதவி, இல்லையேல் தனியார் பைனான்சியர் ஆகியவற்றை நாட வேண்டியதாகிறது.

தமிழில் முன்னோடி முயற்சிகள்

எழுத்தாளர் ஜெயகாந்தன் தம் கதையைத் தாமே இயக்கி 1965-இல் 'உன்னைப்போல் ஒருவன்' படத்தை உருவாக்கினார். சேரி மக்களின் வாழ்வைச் சொன்ன அப்படம் தேசிய அளவில் நற்சான்றிதழ் பெற்றது. ஆனால் வணிக முறையில் பரவலாகத் திரையிடப்படவில்லை. இன்று அதன் பிரதியே கிடைப்பதில்லை.

அடையாறு திரைப்படக் கல்லூரியில் பயின்ற சி. ருத்ரய்யா, 1978-இல் கறுப்பு வெள்ளையில் 'அவள் அப்படித்தான்' படத்தை இயக்கினார். கமல்ஹாசன், ரஜினிகாந்த், ஸ்ரீப்ரியா நடித்தும் வெளியான நாளில் அது பெரிய வெற்றி பெறவில்லை. பின்னாளில் தமிழின் முக்கியமான படங்களுள் ஒன்றாக மதிக்கப்பட்டது. 1980-இல் அவர் இயக்கிய 'கிராமத்து அத்தியாயம்' படமும் வணிக வெற்றி பெறவில்லை. 2014-இல் அவர் மறையும் வரை மூன்றாவது படம் வெளிவரவே இல்லை. ஒரு படத்தின் நட்டம் அந்தப் படத்தோடு முடிவதில்லை. அந்தக் கலைஞர் எடுத்திருக்கக்கூடிய அடுத்த படங்களையும் அது எடுத்துக்கொண்டு போய்விடுகிறது என்பதற்கு ருத்ரய்யாவின் வாழ்க்கை சான்று.

பாலு மகேந்திராவின் 'வீடு' (1988), வேலைக்குச் செல்லும் ஒரு பெண் கடன் வாங்கிச் சிறிய வீடு கட்டப் படும் பாட்டைச் சொன்னது. சிறந்த தமிழ்ப் படம், சிறந்த நடிகை ஆகிய தேசிய விருதுகளை வென்றது. அதன் மூல நெகடிவ் அழிந்துபோனதைப் பாலு மகேந்திரா பிற்காலத்தில் வருத்தத்துடன் பதிவு செய்தார். படத்தை எடுப்பதற்குத் திரட்டும் பணத்தில் அதைப் பாதுகாப்பதற்கென்று யாரும் ஒதுக்குவதில்லை. சிறு படங்கள் அழிந்துபோக இதுவும் ஒரு காரணம்.

பொது நிறுவனங்களின் பங்கு

தனியார் முதலீடு கிடைக்காத நல்ல படங்களுக்குக் கடன் வழங்க 1960-இல் மத்திய அரசு திரைப்பட நிதிக் கழகத்தை அமைத்தது. 1975-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் தோன்றியது. 1980-இல் முன்னது பின்னதோடு இணைக்கப்பட்டது. கே. எஸ். சேதுமாதவன் இயக்கிய 'மறுபக்கம்' இக்கழகத்தின் தயாரிப்பு. இந்திரா பார்த்தசாரதியின் 'உச்சிவெயில்' கதையை அடிப்படையாகக் கொண்ட அப்படமே, சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருதைப் பெற்ற முதல் தமிழ்ப் படம். பாலு மகேந்திராவின் 'சந்தியா ராகம்' தூர்தர்ஷனுக்காகத் தயாரிக்கப்பட்டது. ஒரே ஒரு அலைவரிசை இருந்த காலத்தில் தூர்தர்ஷன் ஒரு படத்தை ஒளிபரப்பினால் அது லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பணமும் பார்வையாளரும் ஒரே இடத்தில் கிடைத்த அந்த வாய்ப்பு தனியார் அலைவரிசைகள் பெருகிய பின் மங்கியது.

தமிழ்நாடு அரசு, குறைந்த செலவில் தயாரிக்கப்பட்ட தரமான படங்களைத் தேர்ந்தெடுத்து 7 லட்சம் ரூபாய் என்ற அளவில் மானியம் வழங்கியிருக்கிறது. படம் முடிந்து வெளியான பிறகு கிடைக்கும் உதவி இது. கடனைச் சற்றுக் குறைக்கலாம். படத்தைத் தொடங்க உதவாது.

அண்டை மாநிலமான கேரளம் வேறொரு வழியில் செல்கிறது. அங்குள்ள மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் படம் எடுக்கவே நிதி வழங்குகிறது. படம் ஒன்றுக்கு 1.5 கோடி ரூபாய் வரை ஒதுக்கப்படுகிறது. கழகத்துக்குச் சொந்தமான திரையரங்குகள் உள்ளன. 2024 மார்ச் மாதம் 'சி ஸ்பேஸ்' என்ற அரசு ஓடிடி தளமும் தொடங்கப்பட்டது. தயாரிப்பு, திரையரங்கம், இணையம் என்ற மூன்று படிகளிலும் பொதுத்துறைக்கு ஒரு கால் இருப்பது கவனிக்கத்தக்கது.

பிலிம் காலமும் டிஜிட்டல் காலமும்

35 மி.மீ. பிலிமில் 1,000 அடிச் சுருள் ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். இரண்டு மணி நேரப் படத்துக்கு 11 சுருள்கள் தேவை. ஒவ்வொரு காட்சியையும் சராசரியாக ஐந்து முறை எடுத்தால் 55 சுருள்கள் ஆகும். சுருளின் விலை, கழுவும் செலவு, ஒவ்வொரு திரையரங்குக்கும் தனித்தனிப் பிரதி எனச் செலவு ஏறிக்கொண்டே போகும். அக்காலச் சிறு தயாரிப்பாளரின் முதல் கவலை பிலிம்தான்.

டிஜிட்டல் கேமரா வந்ததும் இந்தச் செலவு ஏறக்குறைய மறைந்தது. முன்பு படம் எடுக்கவே முடியாதிருந்த பலர் உள்ளே வந்தனர். இதன் மறுபக்கமாக நெரிசல் ஏற்பட்டது. அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு 200-க்கும் மேற்பட்ட தமிழ்ப் படங்கள் வெளியாகின்றன. ஆண்டுக்கு 52 வெள்ளிக்கிழமைகள்தாம். வாரத்துக்குச் சராசரியாக நான்கு படங்கள். பண்டிகை வாரங்களைப் பெரிய படங்கள் எடுத்துக்கொண்டால் மற்ற வாரங்களில் நெரிசல் இன்னும் கூடும். படம் எடுப்பதற்கான வாசல் அகன்றது. திரையரங்கின் வாசல் அதே அளவில் நின்றுவிட்டது.

படப்பிடிப்புக்குப் பிந்தைய செலவுகள்

புதியவர்கள் பட்ஜெட் போடும்போது படப்பிடிப்பு நாட்களையே பெரும்பாலும் கணக்கிடுகின்றனர். 'பூசணிக்காய் உடைத்தாயிற்று' என்றதும் பணமும் தீர்ந்திருக்கும். அதன் பிறகு எடிட்டிங், டப்பிங், ஒலிக்கலவை, வண்ணத் திருத்தம், பின்னணி இசை, தணிக்கை ஆகியவை வரிசையில் நிற்கும். கருவி வாடகைக்கும் தொழில்நுட்பச் சேவைகளுக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. தயாரிப்பாளர் தம் பெயரில் முறைப்படி ஜிஎஸ்டி பதிவு செய்திருந்தால்தான் இந்த வரியைப் பின்னர் உரிமை விற்பனையின்போது கழித்துக்கொள்ள முடியும்.

தணிக்கையிலும் பணக் கணக்கு உண்டு. படத்தில் ஆடு, மாடு, கோழி நடித்திருந்தால் விலங்கு நல வாரியத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். கிராமத்துக் கதை எடுப்பவர்கள் இதை முன்பே அறிந்திருப்பது நல்லது. தணிக்கைக் குழு பெரிய வெட்டுகளைக் கேட்டால் தாமதம் நேரும். தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்' (2011) 52 வெட்டுகளை எதிர்கொண்டு, திரைப்படச் சான்றிதழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை சென்ற பிறகே வெளியானது. அத்தீர்ப்பாயம் 2021-இல் கலைக்கப்பட்டது. இப்போது மேல்முறையீடு என்றால் உயர் நீதிமன்றம்தான். வழக்கறிஞர் கட்டணமும் காத்திருப்பும் சிறு தயாரிப்பாளருக்குப் பெருஞ்சுமை.

இதன் பின்னரே வெளியீட்டுச் செலவு வருகிறது. சுவரொட்டி, முன்னோட்டம், விளம்பரம், பத்திரிகையாளர் காட்சி ஆகியவற்றோடு, டிஜிட்டல் ஒளிபரப்புக் கருவிகளை வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் திரை ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணமும் செலுத்த வேண்டும். இந்தக் கட்டணத்தை எதிர்த்தே 2018 மார்ச் 1 முதல் ஒன்றரை மாதத்துக்கு மேல் தமிழில் புதிய படங்களை வெளியிடாமல் தயாரிப்பாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர்.

திரையரங்கக் கணக்கு: ஓர் எடுத்துக்காட்டு

கீழே உள்ளது எந்தப் படத்தின் கணக்கும் அன்று. புரிதலுக்காகப் போட்ட மாதிரிக் கணக்கு.

ஒரு படத்தின் தயாரிப்புச் செலவு 80 லட்சம், வெளியீட்டுச் செலவு 40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1 கோடியே 20 லட்சம். சீட்டின் விலை வரி நீங்கலாக 100 ரூபாய். திரையரங்கும் தயாரிப்பாளர் தரப்பும் பாதிக்குப் பாதி பிரித்தால் 50 ரூபாய் வரும். விநியோகஸ்தரின் 10 சதவீதக் கமிஷன் போகத் தயாரிப்பாளர் கையில் சேர்வது 45 ரூபாய்.

1 கோடியே 20 லட்சத்தை 45-ஆல் வகுத்தால், போட்ட பணம் திரும்ப ஏறத்தாழ 2 லட்சத்து 67 ஆயிரம் சீட்டுகள் விற்க வேண்டும்.

இப்போது காட்சிகளின் எண்ணிக்கையைப் பார்ப்போம். சிறு படத்துக்கு 50 திரைகளில் நாளுக்கு ஒரு காட்சி கிடைப்பதே நல்ல வாய்ப்பு. ஒரு வாரத்துக்கு 350 காட்சிகள். ஒரு வாரத்துக்குள் பணம் திரும்ப ஒவ்வொரு காட்சிக்கும் சுமார் 760 பேர் வர வேண்டும். பெரும்பாலான அரங்குகளில் அத்தனை இருக்கைகளே இல்லை. காட்சிக்கு 60 பேர் வந்தால் 21,000 சீட்டுகள் விற்கும். தயாரிப்பாளருக்கு 9 லட்சத்து 45 ஆயிரம் ரூபாய் கிடைக்கும். வெளியீட்டுக்குச் செலவழித்த 40 லட்சத்தில் கால் பங்குகூட அது ஆகாது.

ஆகவே, திரையரங்கில் வெளியிடுவதாலேயே நட்டம் கூடும் நிலை சிறு படங்களுக்கு உண்டு. மேலும் அவற்றுக்குக் கிடைக்கும் காட்சி நேரம் பெரும்பாலும் காலை அல்லது பிற்பகல். வேலைக்குப் போகிறவரால் வர இயலாத நேரம் அது. 'படம் நன்றாக இருக்கிறது' என்ற செய்தி வாய்வழியாகப் பரவ ஒரு வாரமாவது தேவை. செய்தி பரவும் நேரத்தில் படம் அரங்கை விட்டுப் போயிருக்கும்.

காத்திருப்பின் விலை

தனியார் பைனான்சியரிடம் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்கு, அதாவது பேச்சு வழக்கில் 'மூணு வட்டிக்கு', 50 லட்சம் கடன் வாங்கினால் மாத வட்டி ஒன்றரை லட்சம். ஆண்டுக்கு 18 லட்சம். கடன் வாங்கியவர் வெளியீட்டுக்காக இரண்டு ஆண்டுகள் காத்திருந்தால் வட்டி மட்டும் 36 லட்சம் ஆகிவிடும்.

இரண்டு ஆண்டுக் காத்திருப்பு என்பது மிகைப்படுத்தல் அன்று. பி. எஸ். வினோத்ராஜ் இயக்கிய 'கூழாங்கல்' 2021 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் மிக உயர்ந்த டைகர் விருதை வென்றது. அவ்வாண்டு ஆஸ்கர் விருதுக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. இத்தனை பெருமைக்குப் பிறகும் தமிழ்ப் பார்வையாளர்கள் அதைக் காண முடிந்தது 2023 அக்டோபரில், ஓடிடி தளத்தில்தான். இடைவெளி சுமார் 32 மாதங்கள். நயன்தாரா, விக்னேஷ் சிவன் ஆகியோரின் ரவுடி பிக்சர்ஸ் நிறுவனம் அந்தப் படத்துக்குத் துணை நின்றது. அப்படி எவரும் துணை நிற்காத, வட்டிக்கு வாங்கி எடுத்த படமொன்று அதே காலம் காத்திருந்தால், மேற்சொன்ன கணக்கின்படி 50 லட்சத்துக்கு 48 லட்சம் வட்டி சேர்ந்திருக்கும்.

ஒளிப்பதிவாளர் செழியன் இயக்கிய 'டு லெட்' மற்றோர் எடுத்துக்காட்டு. சென்னையில் வாடகை வீடு தேடும் ஒரு சிறு குடும்பத்தின் கதை. செழியனின் மனைவி பிரேமா செழியன் தயாரித்தார். 2017-இல் கொல்கத்தா திரைப்பட விழாவில் இடம்பெற்றது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. திரையரங்குக்கு வந்தது 2019 பிப்ரவரியில். வட்டிக்கு வாங்கி எடுக்கும் படத்தால் இவ்வாறு விழாக்களைச் சுற்றிவிட்டு நிதானமாக வர முடியாது. அது கிடைத்த தேதியில், கிடைத்த விலைக்குப் போக வேண்டியிருக்கும்.

ஓடிடி: நம்பிக்கையும் நடைமுறையும்

கொரோனா காலத்தில் திரையரங்குகள் மூடப்பட்டபோது ஓடிடி தளங்கள் நேரடியாகப் படங்களை வாங்கின. 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' அவ்வாறு வெளியானது. 'சேத்துமான்' (2022) போன்ற சிறு படங்களும் இவ்வழியில் உலகெங்கும் உள்ள தமிழரைச் சென்றடைந்தன. எனவே 'ஓடிடிக்கு விற்றுவிடலாம்' என்ற எண்ணத்தில் பலர் படம் எடுக்கத் தொடங்கினர்.

ஆனால் திரையரங்குகள் திறந்த பிறகு தளங்கள் வாங்குவதைக் குறைத்தன. முகம் தெரிந்த நடிகர் இல்லாத படங்களுக்கு முன்பணம் தருவதற்குப் பதிலாக, பார்க்கப்படும் நிமிடங்களுக்கு ஏற்ப வருவாய்ப் பங்கு என்ற முறை பரவலாயிற்று. இம்முறையில் இழப்பின் சுமை முழுவதும் தயாரிப்பாளர் மீதே விழுகிறது. ஓடிடி உரிமையை உறுதியான வருமானமாகப் பட்ஜெட்டில் எழுதிக்கொள்வது இன்று ஆபத்தானது.

மக்கள் நிதி

பலரிடம் சிறு தொகை திரட்டிப் படம் எடுப்பது புதிய முறை அன்று. ஷியாம் பெனகலின் 'மந்தன்' (1976) படத்துக்கு குஜராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு 2 ரூபாய் தந்தனர். படம் வெளியானதும் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தவர்களும் அவர்களே. 'அக்ரஹாரத்தில் கழுதை' என்ற தமிழ்ப் படத்தை இயக்கிய ஜான் ஆபிரகாம், கேரளத்தில் ஒடெஸா என்ற மக்கள் அமைப்பின் வழியாக ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டி 'அம்ம அறியான்' (1986) படத்தை எடுத்தார். கன்னடத்தில் பவன் குமார் 2013-இல் வெளியிட்ட 'லூசியா' இணையவழி மக்கள் நிதியில் உருவானது. அதுவே தமிழில் 'எனக்குள் ஒருவன்' என மறுஆக்கம் பெற்றது. லீனா மணிமேகலையின் 'மாடத்தி' படத்துக்கும் மக்கள் நிதி துணை நின்றது.

இம்முயற்சிகளில் பணம் கொடுத்தவர்களே முதல் பார்வையாளர்களாகவும் ஆனார்கள். திரையரங்கக் கணக்கில் நாம் கண்ட பெரிய ஓட்டை பார்வையாளர் வந்து சேராததுதான். மக்கள் நிதியின் உண்மையான பலம் பணத்தில் மட்டும் இல்லை. அந்த ஓட்டையை முன்கூட்டியே அடைப்பதில் இருக்கிறது.

இதில் சட்ட எச்சரிக்கை ஒன்று உண்டு. நன்கொடையாகவோ, முன்பதிவுச் சீட்டாகவோ பணம் பெறுவது வேறு. 'லாபத்தில் பங்கு தருவோம்', 'வட்டியுடன் திருப்பித் தருவோம்' என்று பொதுமக்களிடம் வாங்குவது வேறு. பின்னது நிறுவனங்கள் சட்டம் 2013, ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம் 2019 ஆகியவற்றின் வரம்புக்குள் வரக்கூடும். பட்டயக் கணக்காளரிடம் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

திரைப்பட விழாக்களும் வெளிநாட்டு நிதியும்

2007 முதல் கோவாவில் நடைபெறும் பிலிம் பஜார், சுயாதீனப் படைப்பாளிகளுக்கான முக்கியச் சந்தை. அரைகுறையாக முடிந்த படங்களை வல்லுநர்கள் பார்த்து ஆலோசனை சொல்லும் பட்டறையும் அங்கு நடக்கிறது. 'கூழாங்கல்' அதில் பங்குபெற்ற படம். கோயம்புத்தூரைக் களமாகக் கொண்டு அருண் கார்த்திக் இயக்கிய 'நசீர்' (2020) மற்றொரு வழியைக் காட்டியது. திலீப்குமாரின் சிறுகதையை அடிப்படையாகக் கொண்ட அப்படத்துக்கு ரோட்டர்டாம் விழாவின் ஹூபர்ட் பால்ஸ் நிதி உதவியது. இந்திய, நெதர்லாந்து நிறுவனங்கள் கூட்டாகத் தயாரித்தன.

இத்தகைய நிதியைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை என்பது பெரும் நன்மை. ஆனால் விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், முழுமையான திட்ட அறிக்கையோடு கேட்கப்படுகின்றன. போட்டி உலகளாவியது. விருது கிடைத்தாலும் உள்ளூரில் வெளியிட அது தானாக வழி செய்யாது என்பதை முன்பே பார்த்தோம்.

நட்சத்திரங்களின் துணை

அண்மைத் தமிழ்ச் சுயாதீனப் படங்கள் பலவற்றின் பின்னால் ஒரு நட்சத்திரமோ புகழ்பெற்ற இயக்குநரோ இருப்பதைக் காணலாம். 'காக்கா முட்டை' (2015) படத்தைத் தனுஷும் வெற்றிமாறனும், 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) படத்தை விஜய் சேதுபதியும், 'சேத்துமான்' படத்தை பா. இரஞ்சித்தும், 'கொட்டுக்காளி' (2024) படத்தை சிவகார்த்திகேயனும் தயாரித்தனர். வங்கிக்கு ஈடு காட்ட முடியாத படத்துக்கு இவர்களின் பெயரே ஈடாகிறது. விநியோகஸ்தரும் ஓடிடி தளமும் தொலைபேசியை எடுத்துப் பேசுகின்றனர். இது பாராட்டத்தக்க பணி. ஆனால் ஒரு சிலரின் நல்லெண்ணத்தையே நம்பி நிற்கும் ஏற்பாடு எல்லாருக்கும் கிடைக்கக்கூடியது அன்று.

தொடங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை

1. பட்ஜெட்டை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். படப்பிடிப்பு முடியும் வரை ஆகும் செலவு ஒன்று. அதன் பிறகு மக்களிடம் சேரும் வரை ஆகும் செலவு மற்றொன்று. இரண்டாவதற்கு வழி தெரியாமல் முதலாவதைத் தொடங்க வேண்டாம்.

2. மாத வட்டிக் கடனையும், குடியிருக்கும் வீட்டை அடமானம் வைப்பதையும் தவிருங்கள். பணம் குறைவாக இருந்தால் கதையின் இடங்களையும் பாத்திரங்களையும் படப்பிடிப்பு நாட்களையும் குறையுங்கள்.

3. சிக்கனத்தைத் தொழிலாளரின் கூலியில் காட்டாதீர்கள். லைட்மேனும் சமையல்காரரும் லாபத்தில் பங்குதாரர்கள் அல்லர். நட்டத்திலும் அவர்களைப் பங்குதாரர்களாக்கக் கூடாது.

4. எல்லா ஒப்பந்தங்களையும் எழுத்தில் வைத்திருங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி திரைப்படத்தின் உரிமை தயாரிப்பாளருக்கு உரியது. நண்பர் பணம் போட, நீங்கள் இயக்கினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை படம் அவருடையது. கதை, இசை, நடிப்பு ஆகியவற்றுக்கான கையெழுத்து இல்லாத படத்தை எந்தத் தளமும் வாங்காது.

5. மொத்தத் திரையரங்க வெளியீட்டுக்குப் பதிலாக, கல்லூரிகள், திரைப்படச் சங்கங்கள், இலக்கிய அமைப்புகள் வழியாகச் சிறு திரையிடல்களை எண்ணிப் பாருங்கள். 350 காட்சிகளில் சிதறிய 60 பேரைவிட, 30 காட்சிகளில் நிறைந்த 200 பேர் படத்துக்கு நல்லது, செலவும் குறைவு.

6. முடிந்த படத்தின் மூலப் பிரதியைக் குறைந்தது இரண்டு இடங்களில் பாதுகாத்து வையுங்கள். விருது பெற்ற படங்களே இந்த மண்ணில் தொலைந்திருக்கின்றன.

முடிவுரை

திருவள்ளூர் மாவட்டத்தில், பூந்தமல்லியை அடுத்துச் சுமார் 150 ஏக்கரில் 500 கோடி ரூபாய் மதிப்பில் நவீனத் திரைப்பட நகரம் அமைக்கப்படும் எனத் தமிழ்நாடு அரசு 2024-இல் அறிவித்தது. படப்பிடிப்பு அரங்குகள் துறைக்கு நன்மை தரும். ஆனால் ஆரணி ஆற்றங்கரையிலோ ஒரு வாடகை வீட்டின் கூடத்திலோ எடுக்கப்படும் சிறு படத்துக்குத் தேவைப்படுவது அரங்கம் அன்று. மாவட்டத்துக்கு ஒரு சிறு திரை, மாலையில் ஒரு காட்சி, படம் தொடங்கும்போதே கிடைக்கும் மிதமான நிதி, முடிந்த பிரதியை வைக்க ஒரு பாதுகாப்பான இடம் ஆகியவையே அதற்குப் போதும். ஒரு சமூகத்தில் யாருடைய கதை சொல்லப்படும் என்பதைத் திறமை மட்டும் தீர்மானிப்பதில்லை. கடன் வாங்காமல் எத்தனை மாதம் காத்திருக்க முடியும் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. அந்தக் காத்திருப்பைக் குறைக்கும் ஒவ்வொரு ஏற்பாடும், இதுவரை கேமராவைத் தொட வழியில்லாத ஒரு வீட்டின் கதையையும் திரைக்குக் கொண்டுவரும்.